பழைய யந்திரத்தின் பசி

வீட்டில் ஐந்து பேருக்கு உலை வைத்திருக்கிறது. அந்தச் சமயம் பார்த்து வாசலில் வண்டி வந்து நிற்கிறது. ஊரிலிருந்து நான்கு விருந்தாளிகள் இறங்குகிறார்கள். உலையில் கொதிப்பது என்னமோ அதே அரிசிதான். கடைசி இலைக்காரருக்குச் சோறு எட்டவில்லை; அவர் முகம் வாடியிருக்கிறது. உடனே நாம் வைத்தியரைக் கூப்பிட்டு, "இவருக்கு என்ன வியாதி என்று பாருங்கள்" என்று சொன்னால் ஊர் சிரிக்கும் அல்லவா? பழைய காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு திண்டாடும் அன்பர்களில் அநேகர் செய்வது ஏறக்குறைய இந்தக் காரியந்தான். யந்திரத்துக்குக் குறைவு மின்சாரத்தில். அவர்கள் சிகிச்சை செய்வதோ மூளைக்கு.

வீட்டுக் கம்ப்யூட்டர் என்று நாம் சொல்வது இன்று மேஜைகளில் காணும் ரகத்தை அல்ல. 1980-க்குப் பிறகு பதினைந்து வருஷ காலம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் லட்சக்கணக்கான குடும்பங்கள் வாங்கி, கூடத்து டெலிவிஷனுடன் இணைத்து உபயோகித்த யந்திரங்கள் அவை. டைப்ரைட்டர் விசைப்பலகை போன்ற ஒரே பெட்டிக்குள் சகலமும் அடங்கியிருக்கும். கமடோர் என்ற அமெரிக்கக் கம்பெனி 1982-ல் வெளியிட்ட 'கமடோர் 64', 1987-ல் வெளியிட்ட 'அமீகா 500', 1992 கடைசியில் கொண்டுவந்த 'அமீகா 1200' ஆகியவை இந்த வம்சத்தில் பேர்போனவை. 1994 ஏப்ரலில் கமடோர் கம்பெனி கதவைச் சாத்தியது. யந்திரங்கள் மட்டும் சாகவில்லை. பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி, மறுபடியும் உயிர் கொடுத்து மகிழ்கிறவர்கள் இன்றும் ஏராளமாக இருக்கிறார்கள்.

உயிர் கொடுத்தால் மட்டும் போதுமா? பழைய உடம்புக்குப் புது பலமும் வேண்டுமே! வேகமான மூளை, கூடுதல் ஞாபகசக்தி, ஹார்டு டிஸ்க் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார்கள். சேர்த்த மறுநாள் யந்திரம் முரண்டு பிடிக்கிறது. புது உறுப்பு மோசம் என்று ஒருவர் அதைத் திருப்பி அனுப்புகிறார். தாய்ப்பலகைதான் போய்விட்டது என்று இன்னொருவர் யந்திரத்தையே உடைசல் விலைக்குத் தள்ளுகிறார். இதில் நஷ்டம் பணத்தோடு போவதில்லை. அமீகா 1200-ன் உள்ளே படம் வரைவதற்கும் சங்கீதம் எழுப்புவதற்கும் ஆலிஸ், லீஸா, பௌலா என்று மூன்று விசேஷச் சில்லுகள் இருக்கின்றன. அவற்றைச் செய்த தொழிற்சாலைகள் அந்த வேலையை எப்போதோ நிறுத்திவிட்டன. நல்ல யந்திரம் ஒன்று தவறான தீர்ப்பினால் குப்பைக்குப் போனால், உலகத்தில் மிஞ்சியிருக்கும் கணக்கில் ஒன்று குறைந்தது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தம்பிக்குக் குறைந்த சாப்பாடு

இந்த யந்திரங்களுக்கு மின்சாரம் ஊட்டும் பெட்டி தனியே தரையில் கிடக்கும். கனத்தையும் வடிவத்தையும் உத்தேசித்து அன்பர்கள் அதற்குச் செங்கல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை வாங்கி, சில்லுகளுக்கு வேண்டிய 5 வோல்ட்டாகவும், வேறு சில காரியங்களுக்கு 12 வோல்ட்டாகவும் குறைத்துக் கொடுப்பது இதன் வேலை.

அமீகா 500-உடன் கமடோர் கொடுத்த பருத்த செங்கல், 5 வோல்ட்டில் 4.3 முதல் 4.5 ஆம்பியர் வரை கொடுக்க வல்லது. ஐந்து வருஷம் கழித்து அதைவிட வேகமும் வர்ணஜாலமும் ஜாஸ்தியான 1200-ஐக் கொண்டுவந்தார்கள். அதனுடன் வந்த செங்கல்லின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் 5 வோல்ட்டுக்கு 3 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது! தம்பி பலசாலி, அவனுக்கு வைத்த சாப்பாடோ அண்ணனுடையதிலும் குறைவு. இதை வஞ்சனை என்று சொல்ல மாட்டோம். கடையிலிருந்து வந்தபடியே இருக்கும் 1200-க்கு அந்த 3 ஆம்பியர் போதும். ஆனால் அதே யந்திரத்தின் வயிற்றடியில் ஒரு சிறு கதவும் வைத்து, "இதைத் திறந்து வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று அழைத்தார்களே, அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

1200-ன் சொந்த மூளையான 68020 என்ற சில்லு வினாடிக்கு ஒரு கோடியே நாற்பது லட்சம் தடவை துடிக்கிறது. கதவைத் திறந்து 68030 பலகையைச் சொருகினால் துடிப்பு ஐந்து கோடி ஆகலாம். துடிப்பு ஏற ஏற மின்சாரப் பசியும் ஏறும். 68040 என்ற சில்லோ விரல் வைக்க முடியாதபடி சுடும். அந்தச் சூடெல்லாம் செங்கல்லிலிருந்து போன மின்சாரந்தான். அதற்கடுத்து வந்த 68060, வேகத்தில் மூத்தது ஆயினும் 3.3 வோல்ட்டில் வேலை செய்வதால் பசி மட்டு. இவற்றோடு ஒரு ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்தால் கேட்பானேன்! டிஸ்க் சுழன்றுகொண்டிருக்கையில் சாது. சுழல ஆரம்பிக்கும் அந்த இரண்டு மூன்று வினாடிகளில் மட்டும் பகாசுரன். 1990-களில் சிலர் 1200-க்குள் பெரிய மூன்றரை அங்குல டிஸ்க்கையே திணித்தார்கள். அந்த ரகம் 12 வோல்ட் பக்கத்தையும் இழுத்துக் குடிக்கும். சின்னச் செங்கல்லில் அந்தப் பக்கம் இருப்பதோ அரை ஆம்பியர்.

வியாதியின் லட்சணங்கள்

மின்சாரக் குறைவுக்கு ஒரே முகம் இல்லை. ஒன்பது வேஷம் போடும். திரை கறுத்தே கிடக்கலாம். நன்றாக எழுந்து, பத்து நிமிஷம் ஒழுங்காக வேலை செய்து, பிறகு சிலை மாதிரி நின்றுவிடலாம். காரணமில்லாமல் தானே மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். டிஸ்க் சுழலப் பார்த்து, 'டிக்' என்று நின்று, மறுபடி சுழலப் பார்க்கலாம். ஆரம்ப காலத்து அமீகாக்கள் மூர்ச்சையாகும்போது கறுப்புத் திரையில் சிவப்புக் கட்டம் மினுக்கி, 'குரு மெடிடேஷன்' என்று அறிவிக்கும். குரு தியானத்தில் ஆழ்ந்துவிட்டாராம்! பிற்காலத்துப் பதிப்புகளில் இந்த வார்த்தையை எடுத்துவிட்டு 'மென்பொருள் பிசகு' என்ற பொருளில் வறட்சியான வாக்கியம் ஒன்றைப் போட்டார்கள். நமக்கு இதில் சற்று வருத்தமே. அதுவும் தவிர, மென்பொருள் மீது பழி சுமத்திய பல சமயங்களில் உண்மைக் குற்றவாளி மேஜைக்கு அடியில் நிம்மதியாகக் கிடந்த செங்கல்தான்.

இத்தனை வேஷங்களுக்கு நடுவில் ஆளை அடையாளம் கண்டுபிடிக்க நல்ல உபாயம் ஒன்று இருக்கிறது. யந்திரத்தில் புதுப் பலகையும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் இருந்தால் கோளாறு. பலகையைக் கழற்றி டிஸ்க்கை மட்டும் விட்டால் சரியாக ஓடுகிறது. ஆகவே பலகைதான் மோசம் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். அவசரப்படக்கூடாது. பலகையைத் திரும்பச் சொருகி, டிஸ்க்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இப்போதும் சரியாக ஓடினால் சமாசாரம் வெளியாகிவிட்டது. தனித்தனியே இருவரும் யோக்கியர்கள். சேர்ந்து உட்கார்ந்தால்தான் சண்டை. சண்டை குணத்தினால் அல்ல, சோற்றினால்! கோளாறு டிஸ்க் கிளம்பும் கணத்தில் வருகிறதா, யந்திரம் சூடேறிய பிறகு வருகிறதா என்பதையும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்வது நலம்.

எங்கே அளப்பது?

சந்தேகத்தை நிச்சயமாக்குவதற்கு மல்டிமீட்டர் ஒன்று வேண்டும். அது இல்லாத ரேடியோ மெக்கானிக் கிடையாது; கடன் வாங்கலாம். சில்லுகள் கேட்பது 5 வோல்ட். அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு கூடவோ குறையவோ இருந்தால் சகித்துக்கொள்ளும். அதாவது 4.75 முதல் 5.25 வரை பாதகமில்லை.

சாமானியமாக எல்லோரும் செய்வது, செங்கல்லின் செருகியை யந்திரத்திலிருந்து உருவி, அதன் முனையில் அளப்பது. மீட்டர் 5.1 என்று காட்டும். "பெட்டி குற்றமற்றது" என்று விடுதலை செய்துவிடுவார்கள். சுமை இல்லாமல் நிற்கிற கூலியாளைப் பார்த்து, "இவன் மூட்டை தூக்குவான்" என்று சாட்சி சொல்வது போல்தான் இது. அளக்க வேண்டிய இடம் யந்திரத்துக்குள்ளே. அளக்க வேண்டிய வேளை, பலகையும் டிஸ்க்கும் ஏறி யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் வேளை. பிளாப்பி டிரைவுக்கு மின்சாரம் கொண்டுபோகும் சிறு நாலுகம்பிச் செருகி இதற்குத் தோதான இடம். அங்கே 4.6 என்று மீட்டர் காட்டினால் வேறு சாட்சி வேண்டாம்.

வெளியே 5.1 இருந்தது உள்ளே 4.6 ஆவானேன்? மாடித் தொட்டியிலிருந்து ஒரே குழாயில் நாலு இடத்துக்குத் தண்ணீர் வரும் வீடுகளில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொல்லைக் குழாயை மட்டும் திறந்தால் பீறிட்டு வருகிறது. நாலையும் திறந்தால் கொல்லைக் குழாய் அழுகிறது. தொட்டி என்னவோ நிறைந்துதான் இருக்கிறது, குழாய் குறுகல். மின்சாரக் கம்பியும் அப்படியே. ஒன்றரை மீட்டர் நீளக் கம்பி, போக வர மூன்று மீட்டர். அரைச் சதுர மில்லிமீட்டர் தடிப்புள்ள செம்பானால் அதன் தடை சுமார் 0.1 ஓம். ஒன்றரை ஆம்பியர் ஓடும்போது வழியில் நஷ்டம் 0.15 வோல்ட், யாரும் கவனிக்க மாட்டார்கள். 3 ஆம்பியர் ஓடினால் 0.3 வோல்ட். செருகி முனைகளில் முப்பது வருஷத்து அழுக்கு சேர்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம். 5 வோல்ட்டில் கால் வோல்ட்தானே சலுகை? அந்தச் சலுகை முழுவதையும் கம்பியே தின்றுவிடுகிறது. 230 வோல்ட் கம்பியில் 0.3 போனால் கேள்வி இல்லை. 5 வோல்ட்டில் போனால் குடி முழுகிப் போகிறது.

ஆகையால் இரண்டு இடங்களில் அளந்து ஒப்பிட வேண்டும்: பலகையின் அடியில், செங்கல்லின் கம்பி வந்து சேரும் சாக்கெட்டின் கால்களில் ஒன்று, புதுப் பலகைக்கு அருகில் ஒன்று. முதல் இடத்திலேயே குறைந்திருந்தால் குற்றம் செங்கல்லிலோ அதன் கம்பியிலோ இருக்கிறது. முதல் இடத்தில் சரியாக இருந்து இரண்டாவதில் குறைந்தால் வழியிலுள்ள இணைப்புகளைத் துடைத்துச் சுத்தப்படுத்த வேண்டும்.

செங்கல்லை யந்திரம் இல்லாமலே பரீட்சிக்க விரும்புகிறவர்களுக்கு மோட்டார் கார் பல்பு கை கொடுக்கும். 12 வோல்ட், 21 வாட் பல்பை 5 வோல்ட்டில் மாட்டினால் மங்கலாக எரிந்து சுமார் ஓர் ஆம்பியர் இழுக்கும். 55 வாட் முன்விளக்கு பல்பு 3 ஆம்பியருக்குச் சற்றே குறைவாக இழுக்கும். குளிர்ந்த இழை முதல் கணத்தில் மிக அதிகமாகக் குடிக்குமாதலால், தற்காப்பு உள்ள சில பெட்டிகள் மிரண்டு நின்றுவிடும். அதைக் கண்டு பெட்டி கெட்டது என்று எண்ணிவிட வேண்டாம். சிறு பல்பில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். அரை மணி நேரமாவது எரிய விட்டு, சூடேறிய பிறகும் வோல்ட் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மீட்டர் ஐந்து என்று சத்தியம் செய்தும் கோளாறு தொடர்ந்தால்? மீட்டர் சராசரி சொல்கிற ஆசாமி. கணத்துக்குக் கணம் வரும் நடுக்கம் அதன் கண்ணில் படாது. பெட்டிக்குள் இருக்கும் கண்டென்ஸர்கள் முப்பது வருஷத்தில் உள்ளே உலர்ந்துபோய்விடுகின்றன. அவை சமனப்படுத்தாத மின்சாரம் அலை அலையாக வந்து சில்லுகளைக் குழப்புகிறது. ஆஸிலாஸ்கோப் வைத்திருக்கும் நண்பர் அகப்பட்டால் அரை நிமிஷத்தில் காட்டிவிடுவார். 50 மில்லிவோல்ட்டுக்குள் அலை அடங்கியிருந்தால் நல்லது. அமீகா 1200-ன் தாய்ப்பலகையிலேயே ஒட்டியிருக்கும் சிறு கண்டென்ஸர்கள் கசிந்து பலகையை அரிப்பதும் சகஜம். சத்தம் தேய்ந்துபோனாலோ, பலகையில் மீன் வாடை போன்ற நாற்றம் அடித்தாலோ, அது வேறு வியாதி. அதற்கு வேறு வைத்தியம்.

குறைவைவிட மிகை பொல்லாதது

கமடோர் 64-ன் கதை நேர்மாறானது. அதன் செங்கல் இரண்டு விதமாக ஊட்டுகிறது: நேர் மின்சாரம் 5 வோல்ட், மாறு மின்சாரம் 9 வோல்ட். 5 வோல்ட்டை அளந்து கொடுக்கும் ரெகுலேட்டரை எபாக்ஸிப் பிசினில் புதைத்து மூடியிருந்தார்கள். சூடு வெளியேற வழியில்லை. பழுது பார்க்கவும் வழியில்லை. இத்தகைய ரெகுலேட்டர் சாகிறபோது சும்மா சாவதில்லை. அணை உடைந்தது போல் 5-ஐத் தாண்டி 6, 7 என்று மேலே போய்விடுகிறது. மெமரிச் சில்லுகள்தான் முதல் பலி. பாப் யான்னஸ் வடிவமைத்த புகழ்பெற்ற ஸிட் சங்கீதச் சில்லு அதே பலகையில் இருக்கிறது. அசலாக அது இப்போது தயாராவதில்லை.

எனவே இந்த யந்திரத்தின் விஷயத்தில் மட்டும் நாம் மேலே சொன்ன முறையைத் தலைகீழாக்க வேண்டும். பழைய செங்கல்லை யந்திரத்தில் சொருகுவதற்கு முன்பே அளந்து பார்க்க வேண்டியது. 5.25-க்கு மேல் காட்டினால் சொருகவே கூடாது. இன்று நன்றாகக் காட்டியது நாளை ஏறலாம். நம்முடைய அபிப்பிராயத்தைக் கேட்டால், அசல் பிசின் செங்கல் எதுவாயினும் கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைக்க வேண்டியது. யந்திரத்துக்குப் புதிதாகச் செய்த பெட்டியை வாங்குவதே புத்திசாலித்தனம்.

முன்பக்கச் சிவப்பு விளக்கு எரிகிறதே என்று பலர் ஏமாறுகிறார்கள். அந்த விளக்கு 5 வோல்ட்டுக்கு மட்டுமே சாட்சி. பழைய பலகைகளில் திரைச் சில்லுக்கு வேண்டியது 9 வோல்ட் மாறு மின்சாரத்திலிருந்து தயாராகிறது. அந்த வழியிலுள்ள சிறு பியூஸ் போயிருந்தால், விளக்கு பிரகாசிக்கும், திரை இருண்டிருக்கும். பக்கத்திலுள்ள சுவிட்ச்சும் சந்தேகத்துக்குரிய பேர்வழி. 5 வோல்ட் முழுவதும் அதன் வழியே போவதால் முனைகள் கறுத்தால் அங்கேயே நஷ்டமாகிவிடும். இந்த யந்திரத்துக்குக் கமடோர் விற்ற 1764 என்ற மெமரிப் பெருக்கியுடன், அதைவிட வலுவான செங்கல் ஒன்றையும் சேர்த்தே கொடுத்தார்கள். பசி தெரிந்து பரிமாறிய சந்தர்ப்பம் அது.

பரிகாரம்

1200-க்கு எளிய பரிகாரம் அண்ணனுடைய பருத்த செங்கல்லைப் பொருத்துவது. செருகி ஒன்றேதான். ஆனால் அதுவும் முப்பத்தைந்து வருஷத்துச் சரக்கு என்பதை மறக்கக்கூடாது. 1990-களில் பலர் யந்திரத்தையே உயரமான பெட்டிக்கு மாற்றி, மேஜைக் கம்ப்யூட்டரின் 200 வாட் பவர் சப்ளையைப் பொருத்தினார்கள். இந்த ரகப் பெட்டிகளில் ஒரு சூட்சுமம் உண்டு: போதிய சுமை இல்லாவிட்டால் வோல்ட் ஒழுங்காக நிற்காது.

சிலர் செங்கல்லைத் திறந்து, உள்ளே இருக்கும் சிறு திருகைத் திருப்பி 5.4, 5.5 என்று ஏற்றிவிடுகிறார்கள். கம்பியில் தொலைவது போக மிச்சம் ஐந்து இருக்கட்டும் என்று கணக்கு. பலகையைக் கழற்றிய அன்றைக்குத் தொலைவதும் குறையும், அந்த 5.5-ல் பெரும்பகுதி சில்லுகளின் தலையில் விழும். தடித்த, குட்டையான கம்பி போடுவதே நேரான வழி. மேலும், சுவிட்ச் முறையில் வேலை செய்யும் பெட்டிக்குள் 230 வோல்ட் நேர்மின்சாரமாக மாறிச் சுமார் 325 வோல்ட்டாகக் கண்டென்ஸரில் தேங்கி நிற்கும். சுவரிலிருந்து உருவிய பிறகும் சில காலம் நிற்கும். வேலை பழகாதவர்கள் அந்த மூடியில் கை வைக்க வேண்டாம். குழந்தைகள் உள்ள வீட்டில் மூடியைத் திறந்து போட்டுவிட்டு எழுந்து போவதும் கூடாது.

பசியைக் குறைப்பதும் ஒரு வைத்தியந்தான். சுழலும் டிஸ்க்குக்குப் பதில் காம்பாக்ட் பிளாஷ் அட்டை போட்டால் பளு வெகுவாக இறங்கும். இதற்கு மாறாக, மூளையின் ஸ்தானத்தில் ராஸ்பெரி பை என்ற நவீனப் பலகையைப் பொருத்தும் மோகம் இப்போது பரவியிருக்கிறது. வேகம் பிரமாதம், பசியும் பிரமாதம். ஆனால் அந்தப் பலகை தன் மின்சாரத்தைத் தானே கவனித்து, சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனதும் குறித்துக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள்.

நமது தேசத்துக்கும் இந்த விஷயத்தில் ஒரு பாத்தியதை உண்டு. 1984-ல் ஆரம்பித்த 'கிளாஸ்' திட்டத்தின் மூலம் இந்தியப் பள்ளிக்கூடங்களுக்கு வந்தவை, பிரிட்டனில் ஏகார்ன் கம்பெனி வடிவமைத்த பிபிசி மைக்ரோ யந்திரங்கள். இவற்றுக்குச் செங்கல் வெளியே கிடையாது. பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது. யந்திரத்தின் அடிப்புறத்தில் டிஸ்க் டிரைவுக்கு மின்சாரம் கொடுக்கும் துவாரமும் உண்டு. பவர் சப்ளையில் சுவர் மின்சாரத்தை வடிகட்டும் கண்டென்ஸர்களின் மேலுறை காலக்கிரமத்தில் வெடிப்பு விடும். வெடிப்பின் வழியே ஈரம் இறங்கும். பல வருஷம் அலமாரியில் கிடந்த யந்திரத்தை ஆசையுடன் இயக்கியதும், சில நிமிஷத்தில் துர்நாற்றத்துடன் புகை கிளம்பி வகுப்பறையை நிறைக்கும். பார்க்கிறவர்கள் யந்திரம் எரிந்துவிட்டது என்று நினைப்பார்கள். பெரும்பாலும் யந்திரத்துக்கு ஒன்றும் ஆகியிராது. எரிந்தது சொற்ப விலைக் கண்டென்ஸர் ஒன்றே. எந்தப் பள்ளிக்கூடத்து அலமாரியிலாவது அப்படி ஒன்று உறங்கிக்கொண்டிருந்தால், சுவிட்ச்சைப் போடுவதற்கு முன் பவர் சப்ளையைக் கழற்றி, பழகிய மெக்கானிக்கிடம் கொடுத்து, அந்தக் கண்டென்ஸர்களை மாற்றச் சொல்ல வேண்டும். டிஸ்க் டிரைவை அதன் தோளில் ஏற்றுவதெல்லாம் அதற்கப்புறம்.